கால்பந்து அணியில் மகள், அடுத்த ஆண்டு பிளஸ் டூ: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

அன்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தண்டையார்பேட்டையில் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் தங்கள் மகள் பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுவதையும், ஆடி மாதம் தொடங்கும் போட்டிகள் பொங்கல் வரை நீண்டு படிப்பைக் கெடுத்துவிடுமோ என்று வீட்டில் எல்லோரும் கவலைப்படுவதையும், இதற்கிடையில் ஒரு தனியார் பள்ளி கட்டணமே வேண்டாம், எங்கள் அணிக்கு ஆட வந்தால் போதும் என்று அழைத்திருப்பதையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளை அணியிலிருந்து நிறுத்த வேண்டாம். பள்ளியையும் மாற்ற வேண்டாம். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் போட்டிக் காலத்தைப் பற்றி. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் குறுவட்டம் (அருகருகே உள்ள பள்ளிகள் சேர்ந்தது), வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடப்பவை. குழு விளையாட்டுகளில் தோற்ற அணி அத்தோடு வெளியேறிவிடும் என்பதால், பெரும்பாலான பள்ளிகளுக்குக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பாகவே அந்த ஆண்டின் ஆட்டம் முடிந்துவிடுகிறது. மாவட்டத்தைத் தாண்டிப் போகும் அணிகளுக்குத்தான் அரையாண்டுத் தேர்வையொட்டி நெருக்கடி வருகிறது. அப்படிப் போகும் பெண்ணுக்கு அந்த நெருக்கடியைத் தாங்குவதற்கான காரணமும் இருக்கிறது. ஆகவே ஆறு மாதமும் வீணாகும் என்ற கணக்கு சரியல்ல.

இந்த ஆண்டைத் தவறவிடக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகளாக நடக்கின்றன. டிசம்பர் 31 அன்று எத்தனை வயது நிறைந்திருக்கிறது என்பதே கணக்கு. தாங்கள் எழுதியிருக்கும் பிறந்த தேதிப்படி மகள் இந்த ஆண்டு மட்டும்தான் 17 வயதுப் பிரிவில் ஆட முடியும். அடுத்த ஆண்டு 19 வயதுப் பிரிவில் தன்னைவிட மூத்த, உடல் வலுக் கூடிய பெண்களோடு மோத வேண்டியிருக்கும். இன்னொரு காரணம், பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து இல்லை என்று அரசு முடிவு செய்துவிட்டதால், இந்த ஆண்டு தேர்வுச் சுமை முன்பைவிடக் குறைவு. பிளஸ் ஒன் பாடத்தைப் படிக்காமல் விடலாம் என்பது இதன் பொருளல்ல. அது இல்லாமல் பிளஸ் டூ இயற்பியலும் கணிதமும் புரியாது. ஆனால் தேர்வு அட்டவணை கழுத்தை நெரிக்காத ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது என்பது உண்மை.

தனியார் பள்ளியின் அழைப்பைப் பற்றி மிகத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளி மாணவிகளும் இதற்குள் வருவார்கள். உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பைத்தான் பார்க்கிறது. இத்தனை ஆண்டுகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டுகளுக்காக டி.சி. வாங்கிக்கொண்டு போனால் இவ்வளவும் கைவிட்டுப் போகும். அந்தப் பள்ளி தருவதாகச் சொல்வது இரண்டு ஆண்டுக் கட்டணம். இழக்கப்போவதோ நான்கு ஆண்டுப் பொறியியல் கட்டணமாகவும் இருக்கலாம். நல்ல மைதானமும் பயிற்சியாளரும் அங்கே இருக்கலாம், மறுக்கவில்லை. அந்தப் பயிற்சியை வார இறுதியில் ஏதாவது ஒரு கிளப்பில் பெற முடியும். விட்ட தகுதியைத் திரும்பப் பெற வழியில்லை.

அடுத்து, பெற்றோர் அதிகமாக ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். வீட்டு அலமாரியில் எத்தனை கோப்பைகள் இருக்கின்றன என்பதைக் கல்லூரியோ வேலைவாய்ப்பு வாரியமோ பார்ப்பதில்லை. போட்டியை நடத்தியது யார், அது எந்த நிலையிலான போட்டி, மாணவி எந்த அணிக்காக ஆடினார், என்ன இடம் பெற்றார் என்ற நான்கைத்தான் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் எனும் செயற்கைப் புல்தரையில் நடக்கும் ஐவர் போட்டிகளும், பேட்டைக்குள் நினைவுக் கோப்பை என்று நடக்கும் டோர்னமெண்ட்டுகளும் ஆட்டத்தை வளர்க்கும், சேர்க்கைக்கு உதவா. மதிப்புள்ளவை மூன்று வழிகளில் வருகின்றன. பள்ளிக் கல்வித் துறை வழியாக மாநிலப் போட்டி, அதிலிருந்து தமிழ்நாட்டு அணிக்குத் தேர்வாகி இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி என்பது ஒன்று. சென்னைக் கால்பந்துச் சங்கம், தமிழ்நாடு கால்பந்துச் சங்கம் வழியாக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் சிறுமியர், இளையோர் தேசியப் போட்டிகள் மற்றொன்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை மூன்றாவது. அதில் மாநில அளவில் முதலிடம் பெறும் குழுவில் ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபாய் பரிசும் தந்திருக்கிறார்கள்.

இவற்றுக்கு வெளியே, பெயரில் மட்டும் தேசியமும் சர்வதேசமும் கொண்ட போட்டிகளுக்குக் கோவாவுக்கும் நேபாளத்துக்கும் அழைத்துப் போவதாகச் சொல்லிப் பல்லாயிரம் ரூபாய் கேட்பவர்கள் வடசென்னையின் மைதானங்களுக்கும் வருகிறார்கள். சீருடையில் இந்தியா என்று அச்சடித்துக் கொடுப்பார்கள், பதக்கமும் கிடைக்கும். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த கூட்டமைப்பு நடத்தாத போட்டி என்றால் அந்தச் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நிராகரிக்கப்படும். கடன் வாங்கி மகளை அனுப்பி, கலந்தாய்வு நாளில் தலைகுனிந்து திரும்பிய தந்தையரை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை தங்களுக்கு வரக்கூடாது. பணம் கேட்கும் எந்தத் தேர்வானாலும் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். போட்டி முடிந்த வாரத்திலேயே சான்றிதழை வாங்கி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பள்ளிப் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இனிஷியல் மாறியதால் அலைந்த பிள்ளைகள் ஏராளம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. ஆனால் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 500 என்பதால், மாவட்ட அளவில் ஆடியதை மட்டும் நம்பி நல்ல கல்லூரியை எதிர்பார்க்க முடியாது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். விண்ணப்பத்தில் விளையாட்டுப் பிரிவைக் குறிக்க மறந்துவிட்டு, பிறகு வந்து கேட்பதில் பயனில்லை. எந்தெந்த ஆண்டுச் சான்றிதழ்கள் செல்லும் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளுக்குக் கணிதமும் உயிரியலும் உள்ள பிரிவு என்பதால் பொறியியல், இயன்முறை மருத்துவம் இரண்டுக்கும் கதவு திறந்திருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டைக் கூடுதல் வாய்ப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணால் கிடைக்கக்கூடிய இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, பெண்கள் கால்பந்தில் தமிழ்நாட்டுக்கு இன்று நல்ல பெயர் இருக்கிறது. 2018-லும் 2023-லும் நம் மாநில அணி தேசியப் பட்டம் வென்றது. இந்திய அணிக்கு ஆடிய கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். சீருடைப் பணியாளர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.), தெற்கு ரயில்வே போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது 18 முதல் 25 வயது வரை என்று வரம்பு வைக்கின்றன. எந்த நிலைப் பணி என்பதற்கேற்பப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்று கல்வித் தகுதியும் கேட்கின்றன. உதவி ஆய்வாளர் பணிக்குப் பட்டம் கட்டாயம். ஆட்டத்தில் சமமாக உள்ள இரு பெண்களில் பட்டம் முடித்தவர் மேல்நிலைப் பணியில் சேர்கிறார் என்பதை மகளிடம் சொல்லுங்கள். படிப்பை விட்டுவிடாதே என்று அதட்டுவதைவிட இந்தக் கணக்கு அவளுக்கு எளிதில் புரியும்.

நம் பகுதியின் பெருமைகளைத் தாங்களும் அறிவீர்கள். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற தொழில்முறை அணியில் ஆடினார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். இவர்களைப் பார்த்து மகள் ஊக்கம் கொள்ளட்டும். குடும்பத்தின் திட்டத்தை மட்டும், மாநில அளவோடு நின்றுவிட்டாலும் நல்ல கல்லூரியில் சேர முடியும் என்ற கணக்கில் போடுங்கள்.

அன்றாட ஏற்பாட்டுக்கு வருகிறேன். காலைப் பயிற்சி முடிந்து வகுப்பில் தூங்குகிறாள் என்று ஆசிரியை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இரவு பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் யாரும் தூங்கத்தான் செய்வார்கள். போட்டி மாதங்களில் இரவு ஒன்பதரைக்கே படுக்கை, படிப்பு மாலை ஏழு முதல் ஒன்பது வரை என்று மாற்றிப் பாருங்கள். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. (பள்ளிப் பணியாக வெளியே சென்றதற்கான வருகை) பதிவாகியிருக்கிறதா என்று மாதக் கடைசியில் வகுப்பாசிரியையிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். விட்ட பாடக் குறிப்புகளை அந்த வாரமே ஒரு தோழியிடம் வாங்கி எழுதிவிட்டால் பாரம் சேராது. அடுத்த ஆண்டு பிளஸ் டூவில், குறுவட்டமும் மாவட்டமும் ஆடட்டும். மாநிலம் வரை போனால் அதையும் ஆடட்டும். பொங்கலுக்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் போக வேண்டாம். செய்முறைத் தேர்வையும் பொதுத்தேர்வையும் எந்தப் பதக்கத்துக்காகவும் தவறவிடக்கூடாது.

உடல்நலத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். கால்பந்து ஆடும் பெண்களுக்கு முழங்காலின் முன் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். ஃபிஃபா வகுத்திருக்கும் இருபது நிமிடத் தயார்ப்படுத்தும் பயிற்சி இதைக் கணிசமாகக் குறைக்கிறது. பந்தைத் தொடுவதற்கு முன் அணி முழுவதும் அதைச் செய்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். முழங்கால் வீங்கினால் எண்ணெய் போட்டு நீவிவிடாமல் ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் காட்டுங்கள். ரத்தச் சோகை இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிப்பதும் அவசியம்.

ஆட்டக்காரராக வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு: இயன்முறை மருத்துவம், பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு பி.பி.எட். முடித்து உடற்கல்வி ஆசிரியர் பணி, நடுவர் பணி, பயிற்சியாளர் உரிமம் என்று வழிகள் இருக்கின்றன. 1920-ல் தொடங்கப்பட்டு இப்போது நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் சென்னைக்குள்ளும் அருகிலுமே இருப்பது நமக்கு வசதி.

பிளஸ் டூ முடியும் கோடையில் கல்லூரிகள் ட்ரையல்ஸ் வைக்கும். இலவச இடமும் விடுதியும் தருவதாகச் சொல்லும் கல்லூரிகளிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சலுகை எல்லா ஆண்டுகளுக்கும் உண்டா, காயத்தால் ஒரு ஆண்டு ஆட முடியாமல் போனால் அது தொடருமா, இடையில் அணியிலிருந்து விலகினால் முன்பு விட்டுக்கொடுத்த கட்டணத்தைத் திரும்பக் கேட்பார்களா. வாய்மொழியாக மட்டும் பதில் சொல்லும் கல்லூரியில் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டாம். அதற்கு முன், இந்த மாதத்துக்குள் மகளின் இதுவரையிலான சான்றிதழ்கள் அனைத்தின் நகல்களையும் எனக்கு அனுப்புங்கள்; எவை செல்லும், எவை செல்லா என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் தருகிறேன்.