சில்லுக்குழி இறப்பர்: மாற்றுவதா, கழற்றுவதா?

வாகனப் பராமரிப்புத் தொடர்பாக வாசகர்கள் அனுப்பும் வினாக்களுக்கு இப்பகுதியில் விடை தரப்படுகிறது. இம்முறை வந்தவற்றுள் ஒன்றையொன்று தழுவிய மூன்றைத் தெரிந்தெடுத்திருக்கிறோம்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எங்கள் சனசமூக நிலையம் சேவையிலிருந்து நீக்கப்பட்ட பழைய லேலண்ட் பேருந்து ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, தட்டுகள் பொருத்தி நடமாடும் நூலகமாக மாற்றியிருக்கிறது. சில்லுக்குழிகளின் (சில்லுகளுக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டுக் கூடுகளின்) வெளிவிளிம்பில் தொங்கும் இறப்பர் வெடித்துக் கிழிந்து, ஓடும்போது படபடவென்று அடிக்கிறது. உட்புறத்தில் திரைபோல் இருந்த இறப்பர் பின்சில்லுப் பக்கத்தில் பாதிக்கு மேல் இல்லை. மாரி காலத்தில் பின்சில்லுக்கு மேலே உள்ள தட்டின் அடிப்பலகை நனைந்துவிடுகிறது. கராச்சில் ஒருவர் எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொல்கிறார். இன்னொருவர் பழைய கன்வேயர் பெல்ட் வாங்கிப் பொருத்தச் சொல்கிறார். எதைச் செய்வது?
– வாசகர் ஒருவர், வேலணை

பதில்: உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் இரண்டு இறப்பர்களையும் ஒன்றாகவே எண்ணிப் பேசியிருக்கிறார்கள். வெளிவிளிம்பில் தொங்குவது ரயரின் மேற்பகுதியை மறைத்து, பக்கவாட்டில் தெறிக்கும் நீரைக் குறைப்பதற்கும் தோற்றத்துக்கும் உரியது. உட்புறத் திரையோ சில்லுக்குழிக்கும் பேருந்தின் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள வெளியை அடைப்பது. பின்சில்லுகளின் வெளி இறப்பரைக் கழற்றிவிடலாம் என்பதும், உட்திரையை முழுமையாகப் புதிதாக இட்டே ஆகவேண்டும் என்பதும் எமது கருத்து. ஆனால் இரண்டில் எதைத் தொடுவதற்கு முன்னரும், அவை பிடித்திருக்கும் தகட்டின் நிலையை நீங்கள் பார்க்கவேண்டும். இறப்பர் வாங்கும் செலவு சிறிது; அதன் பின்னால் மறைந்திருக்கும் கறள்தான் இப்பேருந்தின் ஆயுளைத் தீர்மானிக்கப் போகிறது.

இறப்பரை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டிக்கும் தகட்டுக்கும் இடையில் ஈரச்சேறு புகுந்து காயாமல் தங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சேற்றோடு உப்பும் சேர்கிறது. வேலணையிலிருந்து நகரத்துக்கு வருவதென்றால் பண்ணைக் கடலின் நடுவே போடப்பட்ட வீதியால்தான் வரவேண்டும். புங்குடுதீவுப் பக்கம் சென்றாலும் இருபுறமும் கடல்தான். சோளகம் வீசும் மாதங்களில் கடற்காற்றோடு வரும் உப்புத் துளிகள் வாகனத்தின் அடியில் படிந்து, பின்னர் முதல் மழையில் கரைந்து, பட்டியின் இடுக்குக்குள் இறங்குகின்றன. வலிகாமத்துச் செம்மண் பாதைகளில் ஓடினால் அந்த மண்ணும் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாகனத்தை அடிக்கடி கழுவுகிறோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். தீவகத்துக் கிணறுகள் பலவற்றில் உவர்நீரே இருப்பதால், அந்த நீரால் கழுவுவது உப்பின் மேல் உப்பை ஏற்றுவதாகவே முடியும். சேமித்த மழைநீராலோ நன்னீராலோ மாதம் ஒருமுறையேனும் சில்லுக்குழிகளை உட்புறமாகக் கழுவுவது, உவர்நீரில் நாள்தோறும் கழுவுவதைவிட மேலானது.

பழைய இறப்பரைக் கழற்றி எறிவதற்கு முன் அதைக் கையில் எடுத்து மடித்துப் பாருங்கள். மடிக்கும் இடத்தில் குறுக்காகச் சிறு வெடிப்புகள் தோன்றினால், வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை முதுமையடையச் செய்திருக்கின்றன, அது இயல்பானது. ஆனால் பின்சில்லின் உட்பக்கத்தில் இறப்பர் ஊதி, மென்மையாகி, பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் அது எண்ணெய் பட்டதன் அடையாளம். அச்சிலிருந்து கியர் எண்ணெய் கசிந்து, சில்லு சுழலும்போது சிதறியிருக்கலாம். அப்படியானால் இறப்பர் வேலையை நிறுத்திவிட்டு, சில்லைக் கழற்றி எண்ணெய் அடைப்பானையும் பிரேக் லைனிங்கையும் (பிரேக்கின் உராய்வுப் பட்டையையும்) உடனே பார்ப்பிக்க வேண்டும். லைனிங்கில் எண்ணெய் ஊறிய பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

கழற்றும் வேலை கடினமானதல்ல, ஆனால் ஆபத்து உள்ளது. பேருந்தைச் சமதரையில் நிறுத்தி, எதிர்ப்புறச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் இட்டு, ஜக்கினால் உயர்த்திய பின் சேசியின் (அடிச்சட்டத்தின்) கீழ் உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே ஒருவர் உள்ளே தலையைக் கொடுக்கலாம். எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். ரிவெற் அடித்திருந்தால் அதன் தண்டின் அளவுள்ள துளைப்பானால் தலையை மட்டும் சீவி எடுங்கள். தகட்டின் துளை பெரிதாகாமல் மிஞ்சும். கறளேறி இறுகிய திருகாணிகளுக்கு ஊடுருவும் எண்ணெயை முதல்நாள் இரவே ஊற்றி வையுங்கள். அப்படியும் அசையாதவற்றை அரைத்து எடுப்பதே நல்லது. வாயு விளக்கால் சூடாக்கிக் கழற்ற முனையவேண்டாம். அந்த இடத்தில் வயர்களும் டீசல் குழாயும், மேலே பலகைத் தளமும், அதற்கும் மேலே புத்தகங்களும் இருக்கின்றன.

தகடு வெளிப்பட்டதும் கம்பித் தூரிகையால் தேய்த்து, சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி மந்தமாகும் இடத்தில் உலோகம் மெலிந்திருக்கிறது. பிறகு இருட்டியபின் ஒருவர் பேருந்துக்குள் நிற்க, மற்றவர் சில்லுக்குழிக்குள் ஒரு மின்விளக்கைப் பிடிக்கட்டும். தட்டின் அடியில் ஒளி தெரியும் ஒவ்வோர் இடத்தாலும் மாரியில் நீர் வரும். உங்கள் அடிப்பலகை நனைவதற்குத் திரை இல்லாமை மட்டுமன்றி, சில்லுக்குழியின் மேற்கூடே ஓட்டையாகியிருப்பதும் காரணமாக இருக்கலாம். ஓட்டையுள்ள பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைப்பிக்க வேண்டும்; அதன்மேல் பசையைப் பூசி மூடுவது ஒரு மாரியைக்கூடத் தாங்காது. பற்றவைப்பு வேலை நடக்கும்போது பற்றறியின் இணைப்பைக் கழற்றி, மேலேயுள்ள தட்டை வெறுமையாக்கி, அருகில் நீரும் தீயணைப்பானும் வைத்திருங்கள். நலமான இரும்பில் எஞ்சிய கறளுக்குப் பொசுபாரிக் அமிலம் கலந்த மாற்றிப் பூச்சு ஒன்றைத் தடவி, காய்ந்தபின் நாகம் (சிங்க்) கலந்த அடிப்பூச்சும் மேற்பூச்சும் அடிக்கவேண்டும். உப்புப் படிந்த மேற்பரப்பில் எந்தப் பெயின்ற்றும் நிலைக்காது என்பதால், அதற்கு முன் நன்னீரால் கழுவி முற்றாகக் காயவிடுவது தவிர்க்க முடியாத படி. சோளகம் தணிந்து, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்திய இடைவெளி இவ்வேலைக்கு உகந்தது.

இனி இறப்பரைப் பற்றி. கடையில் இறப்பர் என்ற பெயரில் தரப்படும் எல்லாமே ஒன்றல்ல. இயற்கை இறப்பர் இழுவைக்கும் கிழிவுக்கும் நன்கு தாங்கும், ஆனால் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். ஈபிடிஎம் எனப்படும் செயற்கை இறப்பர் வெயிலையும் மழையையும் பல்லாண்டுகள் தாங்கும், ஆனால் டீசலும் எண்ணெயும் பட்டால் ஊதிவிடும். நியோபிரீன் என்னும் இன்னொரு செயற்கை இறப்பர் இவ்விரண்டு குறைகளுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். உட்திரைக்கு 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள நியோபிரீன் தகடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். எண்ணெய்க் கசிவு இல்லை என்று உறுதியானால் ஈபிடிஎம்மும் போதும். எதுவாயினும் கறுப்பு நிறத்ததாக இருக்கட்டும், ஏனெனில் இறப்பரில் கலந்துள்ள காபன் கரியே சூரிய ஒளியிலிருந்து அதைக் காக்கிறது.

கன்வேயர் பெல்ட்டை நாம் விரும்பவில்லை. அதனுள் துணி அடுக்குகள் இருப்பதால் வெட்டிய விளிம்பு நீரை உறிஞ்சும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. திரையின் ஒரு மூலை எப்போதாவது சுழலும் ரயரில் சிக்கினால், சாதாரண இறப்பர் கிழிந்துபோகும். பெல்ட் கிழியாது, தான் பொருத்தப்பட்டிருக்கும் தகட்டையும் அருகிலுள்ள பிரேக் குழாயையும் சேர்த்து இழுக்கும். லொறி ரியூப்பை வெட்டிப் போடுவதும் வழக்கில் உண்டு. அது மெல்லியதாகையால் காற்றில் உள்நோக்கி ஒதுங்கி, நீருக்கு வழிவிடும்.

பழைய துண்டை அச்சாக வைத்துக் கடதாசி மட்டையில் வரைந்துகொள்ளலாம், ஆனால் வயதான இறப்பர் சுருங்கியிருக்கும். ஆகவே ஓரங்களில் 2, 3 சென்ரிமீற்றர் கூட்டி வெட்டி, பொருத்திய பின் சீர்செய்யுங்கள். கத்தியைச் சவர்க்கார நீரில் நனைத்து வெட்டினால் இறப்பர் இழுபடாது. துளைகளை ட்ரில்லால் போடாமல் தோல் வேலைக்காரர் பயன்படுத்தும் வட்டத் துளைப்பானால் தட்டி எடுங்கள். ட்ரில் இறப்பரைக் கிழித்து, பின்னர் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும். வளைவு முழுவதற்கும் ஒரே துண்டைப் போடுவதை விட மூன்று நான்கு துண்டுகளாக இடுவது நல்லது. கூரைக்குக் கிடுகு வேய்வதுபோல, மேல்துண்டின் அடிவிளிம்பு கீழ்த்துண்டின் மேல் ரயர்ப் பக்கமாகப் படியவேண்டும். அப்போது எறியப்படும் நீர் மூட்டினுள் புகாமல் வழிந்து இறங்கும். திருகாணிகளுக்கிடையே 10 முதல் 12 சென்ரிமீற்றர் இடைவெளி போதும். இறப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் அது துளையிலிருந்தே கிழியும்.

பேருந்தின் வெளித்தகடு அலுமினியம் என்றால் மேலும் ஒரு கவனம் தேவை. உப்பீரத்தில் அலுமினியமும் ஸ்ரெயின்லெஸ் அல்லது இரும்பு ஆணியும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் வெண்பொடியாகிக் கரைந்துபோகும். அலுமினியத்தில் அலுமினிய ரிவெற்றையே அடியுங்கள். ஆணிதான் என்றால் நைலோன் வளையமும் அடைப்புப் பசையும் இட்டுப் பிரித்துவிடுங்கள்.

இடைவெளியை அளக்கும்போது புத்தகங்கள் தட்டில் இருக்கவேண்டும். ஒரு மீற்றர் நீளத் தட்டில் அடுக்கிய புத்தகங்கள் 20 முதல் 40 கிலோ வரை நிறுக்கும். பத்துப் பன்னிரண்டு தட்டுகளும் நிரம்பினால் வில்லுகள் எவ்வளவு தாழும் என்று எண்ணிப் பாருங்கள். ஏற்றிய நிலையில் ரயருக்கும் இறப்பருக்கும் குறைந்தது 5 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். முன்சில்லுகளில் திசைமாற்றியை இருபுறமும் இறுதிவரை திருப்பியும் பார்க்கவேண்டும். இறப்பரின் உட்பக்கத்தில் சோக்குக் கட்டியால் பூசி, குழிகள் உள்ள வீதியில் மெதுவாக ஓட்டிவந்து பாருங்கள். சோக்கு அழிந்த இடத்தில் ரயர் உரசுகிறது.

பின்சில்லின் வெளி இறப்பரைக் கழற்றச் சொன்னதற்குக் காரணங்கள் உண்டு. பின்னச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரயர்கள் இருப்பதால் உள்ரயரில் காற்றுப் போனாலும் வெளியே தெரியாது. இறப்பர் மறைத்துக்கொண்டிருந்தால் குனிந்து பார்க்கும் வழக்கமே அற்றுவிடும். அதைக் கழற்றினால் பிரேக் டிரம்களுக்குக் காற்றோட்டமும் கூடுதலாகக் கிடைக்கும். தாழத் தொங்கும் இறப்பர், புங்குடுதீவு வீதியில் மாலைநேரத்தில் ரயர் மாற்ற நேர்ந்தால் சில்லை வெளியே எடுக்கவே விடாது. கழற்றியபின் பழைய துளைகளை அடைத்துப் பூசி, கூரான தகட்டு விளிம்புக்கு யு வடிவ இறப்பர் விளிம்புப் பட்டி இடுங்கள். சில்லின் பின்னால் தொங்கும் சேற்றுக்காப்பு மட்டும் எக்காரணத்தாலும் நீங்கக் கூடாது. மழையில் உங்கள் பேருந்தின் பின்னே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணை அதுவே காக்கிறது.

இந்த இறப்பர் மாற்றம் பதிவைப் பாதிக்காது. ஆனால் பயணிகள் பேருந்து நூலகமாக மாறியது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் காப்புறுதியிலும் தெரிவிக்கப்படவேண்டிய மாற்றமாகும். அது இன்னும் செய்யப்படவில்லையாயின் முதலில் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: இறுகிப்போன இறப்பருக்குத் தேங்காயெண்ணெய் அல்லது இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பூசினால் மென்மையாகும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: சில நாள்களுக்கு மென்மையானதுபோல் தோன்றும். எண்ணெய் உள்ளே ஊறி இறப்பரை ஊதச் செய்வதால் வரும் மென்மை அது. பின்னர் வலுவிழந்து கையோடு பிய்ந்து வரும். பழைய இயந்திர எண்ணெய் மழையோடு கழுவுண்டு நிலத்தில் இறங்கும். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக நீர் விரைந்து இறங்கும் இந்தக் குடாநாட்டில், நிலத்தில் ஊற்றுவது கிணற்றில் ஊற்றுவதற்கு ஒப்பாகும். இறுகி வெடித்த இறப்பரை மீட்க வழியில்லை, மாற்றுங்கள். நல்ல நிலையில் உள்ளதை நன்னீரால் கழுவி, சிலிக்கோன் பூச்சை மெல்லியதாகத் தடவலாம்.

கேள்வி: பழைய வேன் ஒன்றின் சில்லுக்குழி உட்புறத்துக்கு இறப்பருக்குப் பதிலாகத் தார் பூசலாமா?
– வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: கறள் நீக்கி அடிப்பூச்சு அடித்த சுத்தமான இரும்பின்மேல், வாகனத்துக்கென விற்கப்படும் அடித்தளப் பூச்சைப் பூசலாம், அது கல் தெறிப்பைத் தாங்கும். வீதிக்கு இடும் தாரைச் சூடாக்கிப் பூசவேண்டாம். கறளின்மேல் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, வெளியே கறுப்பாக அழகாகத் தெரிய உள்ளே தகடு தின்னப்படும். இடைவெளியை அடைக்கும் இறப்பரின் வேலையை எந்தப் பூச்சும் செய்யாது. பூசும்போது சேசியிலும் கதவின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளுக்குள் சிறு மரக்குச்சிகளைச் செருகிவைத்து, பூச்சு இறுகுமுன் அவற்றை எடுத்துவிடுங்கள்.