பாய்லர் கேஜ் ஒன்று காட்ட, திரை வேறொன்று காட்டினால்?

கேள்வி: எங்கள் மாம்பழக் கூழ் ஆலையில் பாய்லர் அழுத்தக் கேஜ் 7 காட்டும்போது கட்டுப்பாட்டு அறைத் திரையில் 6.86 வருகிறது. பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினால் திரையில் எண் அப்படியே நின்றுவிடுகிறது. அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஆர்எஸ்-485 என்ற தொடர்புக் கேபிளில், மோட்பஸ் என்ற செய்திப் பரிமாற்ற முறை வழியாக இணைந்திருக்கிறது. கேபிளை மாற்றுவதா, கருவியைக் கேலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) அனுப்புவதா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதலாவது, அதாவது எண் வித்தியாசம், கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். கேஜ் முகப்பில் கி.கி./ச.செ.மீ. என்றும் திரையில் பார் என்றும் இருக்கிறதா பாருங்கள். 7 கி.கி./ச.செ.மீ. என்பது 6.86 பார்தான். இது தெரியாமல், கருவியின் அளவு வீச்சைத் திருத்தும் ஸ்பானைத் திருகினால் நல்ல கருவி கெட்டுவிடும்.

மோட்பஸ் செய்தி ஒவ்வொன்றின் வாலிலும் சரிபார்ப்பு எண் உண்டு. வழியில் சிதைந்த செய்தியைக் கருவி ஏற்காது. அதனால் கேபிள் கோளாறு என்றால் எண் வராது, அல்லது பழைய எண்ணே நிற்கும். கேபிள் கோளாறால் 7 என்பது 6.86 ஆகாது. எண் கொஞ்சமாக விலகினால் அலகு, ஸ்கேலிங் (வரும் எண்ணை அளவாக மாற்றும் கணக்கு), கருவி ஆகியவற்றைப் பாருங்கள். எண் நின்றுபோனால் கேபிளைப் பாருங்கள்.

உங்கள் கேபிளுக்கு வருவோம். எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஏ, பி கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். சுமார் 60 வந்தால் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 120 வந்தால் ஒரு முனையில் இல்லை. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், கழற்றிவிடுங்கள். ஷீல்டை (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓடினால் பிரித்து, குறுக்கிடும் இடத்தில் செங்குத்தாகக் கடத்துங்கள். அப்படியும் எண் நின்றால் தொடர்பு வேகத்தை 19200-லிருந்து 9600-க்கு இறக்குங்கள், எல்லாக் கருவியிலும் ஒருசேர.

தொடர்பு அறுந்தால் திரையில் எண் மறைந்து எச்சரிக்கை வரும்படி நிரலை மாற்றச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது பழைய எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வாக்குவம் (வெற்றிட) டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிக் காற்றில் வைத்தால் 0.91 பார் காட்டுகிறது. ஜீரோ செய்துவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: செய்யாதீர்கள்! அது அப்சல்யூட் அழுத்தம் (முழு வெற்றிடத்தை ஜீரோவாகக் கொண்டது) அளக்கும் கருவியாக இருந்தால் சரியாகத்தான் காட்டுகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தமே சுமார் 0.91 பார்தான். இதை ஜீரோ ஆக்கினால் பிறகு காட்டுவதெல்லாம் 0.91 குறையும். ஏற்கெனவே செய்திருந்தால் நல்ல பாரோமீட்டரைப் பக்கத்தில் வைத்து அதன் அளவுக்குத் திருத்துங்கள். கைப்பேசி வானிலைச் செயலியில் வரும் 1010 (மில்லிபார்) போன்ற எண் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டது, இதற்கு உதவாது.

கேள்வி: 0–10 பார் கேஜை நாங்களே சோதிக்க முடியுமா?
– வாசகி, தருமபுரி

பதில்: கைப்பம்ப்பும், உங்கள் கேஜைவிட நான்கு மடங்கு துல்லியமான, சான்றிதழ் காலாவதியாகாத மாஸ்டர் கேஜும் இருந்தால் முடியும். இரண்டையும் ஒரே உயரத்தில் வையுங்கள். தண்ணீர் பம்ப்பில் ஒரு மீட்டர் வித்தியாசமே கிட்டத்தட்ட 0.1 பார் பிழை தரும். முதலில் முழு அழுத்தத்துக்கு இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு 0, 2.5, 5, 7.5, 10 என ஏறுமுகத்திலும், அதே புள்ளிகளில் இறங்குமுகத்திலும் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டிவிட்டுப் படியுங்கள். 5-க்கு ஏறும்போது பம்ப் 5.1-க்குப் போய்விட்டால் அப்படியே இறக்கிவிடாதீர்கள். கீழே போய் மறுபடி ஏறி வாருங்கள்.

முகப்பில் 1.6 என்று வகுப்பு அச்சிட்டிருந்தால் எந்தப் புள்ளியிலும் முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது 0.16 பார் வரை பிழை அனுமதி உண்டு. எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு பிழை என்றால் முள் நகர்ந்திருக்கிறது, சரிசெய்யலாம். அழுத்தம் கூடக் கூடப் பிழையும் கூடினால் ஸ்பான் திருத்தம் தேவை. ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றுமாக, அனுமதிக்கு மேல் விலகினால் உள்ளே இருக்கும், அழுத்தத்துக்கு ஏற்ப அசைந்து முள்ளை நகர்த்தும் போர்டன் குழாயோ பற்சக்கரமோ தேய்ந்துவிட்டது. அந்தக் கேஜைத் திருத்த முயலாமல் புதிது வாங்குங்கள். நீராவிக் குழாயில் மாட்டும்போது சைபன் குழாயில் (கேஜுக்கு முன் வரும் வளைந்த குழாய்) தண்ணீர் நிரப்பிய பிறகே வால்வைத் திறக்கவும்.