சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்களுக்கு ஊர் எம்எல்ஏ யாராக இருந்தால் என்ன?

நான் திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆள். டூவாஸில் ஒன்பது வருடமாக வெல்டர். இங்கே சம்பாதிக்கிற பணத்தில் பாதி ஊரில் அப்பாவின் வயலில்தான் இறங்குகிறது. அதனால் எம்எல்ஏ யார் என்பது எனக்கு நிச்சயம் முக்கியம்.

குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் ஒன்றாக வந்து நிற்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மழையில் நனைந்த நெல் எப்படி 17-க்குள் நிற்கும்? ஒரு வருடம் அப்பா நெல்லைச் சாலையோரம் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே பதினொரு நாள் படுத்துக் கிடந்தார். தினமும் ராத்திரி வேலை முடிந்து போன் போடுவேன். "இன்னைக்கும் எடுக்கலப்பா" என்பார். கடைசியில் அடிநெல் முளைத்துவிட்டது.

அந்த 17 சதவீதம் மத்திய அரசு வைத்த வரம்பு. எம்எல்ஏ அதை மாற்ற முடியாது, அதைத் தளர்த்தும்படி மத்திய அரசிடம் கேட்கவேண்டும் என்று சட்டமன்றத்தில் பேசலாம். ஆனால் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய் அவர் கையில் இருக்கிறது. அதில் முதலில் நெல் காயவைக்கும் களமா, ஊர் முகப்பில் வளைவா என்பதில்தான் ஒருவர் எங்கிருந்து வந்தவர் என்று தெரியும்.

2021-இல் எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் க. மாரிமுத்து. குடிசை வீட்டிலிருந்து வந்த வேட்பாளர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஞாயிற்றுக்கிழமை இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அதில் ரொம்பப் பெருமை. எனக்கும்தான். ஆனாலும் குடிசை மட்டும் போதாது. இரண்டு நாள் மழை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று அறிந்தவர், ஜெயித்த பிறகும் அதை மறக்காமல் இருக்கவேண்டும்.

சிங்கப்பூரில் மாநிலச் சட்டமன்றம் கிடையாது, நாடாளுமன்றம் மட்டும்தான். நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாராவாரம் மாலையில் மக்களைச் சந்தித்துக் குறை கேட்கிறார்கள். தெரிந்த அண்ணன் ஒருவரோடு ஒருமுறை போய், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரிலும் அறுப்பு மாதத்தில் எம்எல்ஏ வாரம் ஒருநாள் கொள்முதல் நிலையத்தில் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்கு ஏங்கினேன்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களும் வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஆனால் பாஸ்போர்ட்டோடு ஊருக்கு நேரில் போய்த்தான் ஓட்டுப் போடமுடியும். தேர்தல் நேரத்தில் எனக்கு இதுவரை லீவு கிடைத்ததில்லை. அடுத்த முறை லீவு கிடைத்துப் போனால், வேட்பாளரிடம் கேட்க ஒன்றுதான் வைத்திருக்கிறேன்: எங்கள் ஊருக்குக் கூரை போட்ட ஒரு களம்.