சிகாகோவில் 1 மணி 40 நிமிடம் போதுமா?

கேள்வி: 72 வயதான என் தாயாரை அழைத்துக்கொண்டு பிராங்க்ஃபர்ட் வழியாகச் சிகாகோ சென்று, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் என் தம்பி வசிக்கும் ஊருக்குப் போக வேண்டும். அம்மாவால் நீண்ட தூரம் நடக்க முடியாது. சக்கர நாற்காலி கேட்கப்போகிறோம். பயண முகவர் இரண்டு வழிகள் சொல்கிறார். முதலாவதில் எல்லாம் ஒரே டிக்கெட். பிராங்க்ஃபர்ட்டில் 1 மணி 50 நிமிடமும் சிகாகோவில் 1 மணி 40 நிமிடமும் இடைவெளி. இரண்டாவதில் சிகாகோவில் 3 மணி 10 நிமிடம் கிடைக்கிறது, கட்டணமும் குறைவு. உள்நாட்டு விமானத்துக்கு மட்டும் தனி டிக்கெட் வரும், அதனால் ஒன்றும் ஆகாது என்கிறார். முதலாவதில் நேரம் போதுமா என்று கேட்டால், "போதாது என்றால் கணினியே காட்டாது" என்கிறார். எதை எடுப்பது?

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம். முதல் வழியையே வைத்துக்கொண்டு, சிகாகோவிலிருந்து புறப்படும் உள்நாட்டு விமானத்தை மட்டும் அதே நாளில் அதற்கடுத்ததாக மாற்றி, எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் போட்டுத் தரும்படி கேளுங்கள். சிகாகோவில் 3 மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். பெரும்பாலும் இதற்குக் கட்டணம் கூடுவதில்லை. கூடினாலும் சிறு தொகையாகவே இருக்கும். அப்படி ஒரு விமானம் கிடைக்கவே இல்லை, இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால், இடைவெளி குறைவாக உள்ள முதலாவதையே எடுங்கள்.

பிராங்க்ஃபர்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே நீங்கள் ஜெர்மனிக்குள் நுழைவதில்லை, பெட்டிகளும் தாமாகவே அடுத்த விமானத்துக்கு மாறிவிடும். பாதுகாப்புச் சோதனை ஒன்றும், அமெரிக்கா செல்லும் விமானங்களுக்கு வாயில் அருகே நடக்கும் ஆவணச் சோதனை ஒன்றும் இருக்கும். 1 மணி 50 நிமிடம் அதற்குப் போதும்.

கணினி காட்டினால் நேரம் போதும் என்ற வாதத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஓர் எண் உண்டு. பிராங்க்ஃபர்ட்டுக்குப் பொதுவாக 45 நிமிடம் என்றும், சிறிய வியன்னாவுக்கு 25 நிமிடம் என்றும் அந்த விமான நிலையங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அட்டவணையில் உள்ள வருகை நேரத்துக்கும் அட்டவணையில் உள்ள புறப்பாட்டு நேரத்துக்கும் இடையே குறைந்தது இவ்வளவு இருந்தால்தான் இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் விற்கலாம் என்பதே அதன் பொருள். அது விற்பனைக்கான எல்லை. பயணிக்கான பரிந்துரை அல்ல. முதல் விமானம் அரை மணி தாமதமாக வரலாம் என்பதையும், அதே நேரத்தில் மூன்று பெரிய விமானங்கள் இறங்கி வரிசை நீளலாம் என்பதையும், பயணிக்கு 72 வயது என்பதையும் அந்த எண் அறியாது. அதை முடிவு செய்பவர்கள் விமான நிலையங்களும் விமான நிறுவனங்களும்தான். மொத்தப் பயண நேரம் குறைவாக உள்ள வழி முன்பதிவுத் திரையில் மேலே வரும், மேலே வருவது அதிகம் விற்கும். ஆகவே அந்த எண்ணைக் குறைவாக வைத்திருப்பதில் நிறுவனங்களுக்கு ஆதாயம் இருக்கிறது. இடைவெளி போதாமல் ஓடுவது பயணி. இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்று இத்துறையில் உள்ள எங்களைப் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். குறைந்தபட்சம் 'இந்த இணைப்பு நெருக்கடியானது' என்று டிக்கெட்டில் ஒரு வரி அச்சிடக்கூட எல்லா நிறுவனங்களும் முன்வரவில்லை.

உங்கள் 1 மணி 40 நிமிடத்தைச் சிகாகோவில் செலவழித்துப் பாருங்கள். விமானம் மதியம் 2.10-க்கு வந்து நிற்கிறது, அடுத்தது 3.50-க்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3.50 என்பது விமானம் நகரத் தொடங்கும் நேரம். வாயில் அதற்கு 15 நிமிடம் முன்பே, 3.35-க்கே அடைக்கப்பட்டுவிடும். ஆக உங்கள் கையில் இருப்பது 85 நிமிடம். சக்கர நாற்காலி கேட்டவர்களைப் பெரும்பாலும் எல்லாரும் இறங்கிய பிறகே இறக்குவார்கள் என்பதால், நீங்கள் விமானத்தின் கதவைத் தாண்டும்போது மணி 2.40 ஆகியிருக்கும். அடுத்தது குடியேற்றச் சோதனை. விரல் ரேகை, புகைப்படம், கேள்விகள் எல்லாம் சேர்த்து, கூட்டமில்லாத நாளில் 20 நிமிடத்திலும் முடியும், கூட்டமான நாளில் ஒன்றரை மணியும் ஆகும். நாற்காலியில் இருப்பவர்களைப் பல வேளைகளில் தனி வரிசையில் அழைத்துப்போகிறார்கள், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. பிறகு பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும், சுங்கத்தைத் தாண்ட வேண்டும், பெட்டியை மீண்டும் ஒப்படைக்க வேண்டும். ஓ'ஹேர் விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானங்கள் வந்து சேருவது 5-ஆம் முனையத்தில். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலானவை புறப்படுவது 1, 2, 3-ஆம் முனையங்களில். இடையே ரயிலில் போய், அங்கே பாதுகாப்புச் சோதனையை முதலிலிருந்து மறுபடியும் முடித்து, வாயில் வரைக்கும் செல்ல வேண்டும். எல்லாம் நல்லபடியாக நடந்தால்கூட 3.35-க்குள் போய்ச் சேர்வது கடினம். 3 மணி நேரம் கேட்கச் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு செய்தியை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் தடுமாறாதவர்களே குறைவு. புறப்படும் ஊரில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் பெயர் அச்சாகியிருக்கும். கவுன்டரில் இருப்பவரும் "பெட்டி கடைசி வரை போய்விடும்" என்பார். பிராங்க்ஃபர்ட்டுக்கு அது சரி. அமெரிக்காவுக்குச் சரியல்ல. அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்தில், டிக்கெட் ஒன்றானாலும் சீட்டில் எந்த ஊர் எழுதியிருந்தாலும், பயணியே தம் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்து வேறொரு நாட்டுக்குப் போகிறவரும் குடியேற்றச் சோதனையை முடித்தே ஆக வேண்டும், ஏனெனில் பிற பெரிய நிலையங்களில் இருப்பதுபோல் நாட்டுக்குள் நுழையாமலே மாறிச் செல்லும் பகுதி அமெரிக்க நிலையங்களில் கிடையாது. இதற்கு முக்கியமான விதிவிலக்கு, அமெரிக்க அதிகாரிகளே வெளிநாட்டில் உட்கார்ந்து இந்தச் சோதனைகளை முன்கூட்டியே முடித்துவிடும் நிலையங்கள். அயர்லாந்தில் டப்ளினும் ஷானனும், கனடாவில் டொரன்டோ, வான்கூவர் போன்றவையும், 2014 முதல் அபுதாபியும் அத்தகையவை. அபுதாபி வழியாகச் சிகாகோ சென்றால் உள்நாட்டுப் பயணியைப் போலவே இறங்குவீர்கள். குடியேற்றமும் இல்லை, சுங்கமும் இல்லை, ஒரே டிக்கெட்டானால் பெட்டியையும் எடுக்க வேண்டியதில்லை. சிகாகோவில் 2 மணி நேரமே தாராளம். ஆனால் அந்த வரிசை மறைந்துவிடவில்லை, அபுதாபிக்கு இடம் மாறியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஆகவே அங்கே 3 மணி நேரம் வேண்டும். முகவர் சொன்ன வழியில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், வயதானவரை அழைத்துச் செல்லும் உங்களுக்கு இந்த வழியையும் விசாரித்துப் பார்ப்பது நல்லது. இரவெல்லாம் பறந்து களைத்த பிறகு நிற்க வேண்டிய வரிசையைப் பயணத்தின் நடுவிலேயே முடித்துவிடலாம்.

இப்போது அந்த 'ஒன்றும் ஆகாது' என்ற தனி டிக்கெட். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இடம் உள்ள அடுத்த விமானத்தில் கூடுதல் கட்டணமின்றி ஏற்ற வேண்டும். தனி டிக்கெட்டில், முதல் நிறுவனத்தின் பொறுப்பு சிகாகோவோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். அந்த இருக்கை போய்விடும். அதே டிக்கெட்டில் திரும்பும் பயணமும் இருந்தால் அதுவும் தானாகவே ரத்தாகிவிடும். புதிய டிக்கெட்டை அன்றைய விலையில் நின்ற இடத்திலேயே வாங்க வேண்டியிருக்கும். பெட்டியிலும் வேறுபாடு உண்டு. ஒரே டிக்கெட்காரர் சுங்கத்தைத் தாண்டியதுமே அங்கே உள்ள பட்டையில் பெட்டியைப் போட்டுவிட்டு நகரலாம். தனி டிக்கெட்காரர் பெட்டியையும் தள்ளிக்கொண்டு, ரயிலேறி அடுத்த முனையத்துக்குப் போய், புதுப் பயணியைப் போலச் செக்-இன் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே பெட்டி ஏற்பது புறப்பாட்டுக்கு ஏறத்தாழ 45 நிமிடத்துக்கு முன்பே நின்றுவிடும். ஆகவே முகவர் காட்டும் 3 மணி 10 நிமிடம், ஒரே டிக்கெட்டின் 2 மணி நேரத்துக்குக்கூட ஈடாகாது. தனி டிக்கெட்டில்தான் போவது என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால், 6 மணி நேரம் விடச் சொல்வேன், அல்லது அன்றிரவு சிகாகோவில் தங்கி மறுநாள் போகச் சொல்வேன்.

பிறகு ஏன் முகவர்கள் டிக்கெட்டைப் பிரிக்கிறார்கள்? பிரித்துப் போட்டால் சில வேளைகளில் மொத்த விலை குறைகிறது. அந்தக் குறைவில் ஒரு பகுதி உங்களுக்கும் மறு பகுதி அவருக்கும் போகிறது, ஆபத்து முழுவதும் உங்களிடம் வருகிறது. நேர்மையான முகவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்லி, வேண்டுமா என்று கேட்பார்கள். உங்கள் முகவராவது தனி டிக்கெட் என்ற சொல்லைச் சொல்லியிருக்கிறார். பலர் அதையும் சொல்வதில்லை. இரண்டு டிக்கெட்டையும் ஒரே தாளில், ஒரே தலைப்பின் கீழ், ஒரே பயணம்போல அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு தாளுடன் ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். இணைப்பு விமானம் தவறி, இரவு முழுவதும் நிலைய நாற்காலியில் கழித்துவிட்டு, புது டிக்கெட் வாங்கி ஊர் போய்ச் சேர்ந்து, விமான நிறுவனத்திடம் பணம் கேட்டு எழுதியிருந்தார்கள், நிறுவனம் மறுத்துவிட்டது. "ஒரே பி.என்.ஆர். தானே சார் இருக்கிறது?" என்று அந்த அம்மையார் தாளைக் காட்டினார். ஆறு எழுத்துகள் கொண்ட பி.என்.ஆர். ஒன்றுதான் இருந்தது. ஆனால் தாளின் அடியில், சிறிய எழுத்தில், டிக்கெட் எண்கள் ஆளுக்கு இரண்டாக இருந்தன. அன்று அவர்களுக்கு நான் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

எனவே பி.என்.ஆரைப் பார்க்காதீர்கள், டிக்கெட் எண்ணைப் பாருங்கள். அது 13 இலக்கம் கொண்டது. முதல் 3 இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்ட விமான நிறுவனத்தைக் குறிப்பவை. லுஃப்தான்சாவுக்கு 220, யுனைடெட்டுக்கு 016, ஏர் இந்தியாவுக்கு 098. உங்கள் தாயாரின் பெயருக்கு எதிரே ஒரே எண் இருந்து, எல்லா விமானங்களும் அதன்கீழ் வந்தால் அது ஒரே டிக்கெட். வெவ்வேறு நிறுவனத்தின் விமானங்களாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் 3 இலக்கங்கள் வேறுபடும் இரண்டு எண்கள் இருந்தால் அது இரண்டு டிக்கெட், முகவர் என்ன சொன்னாலும் சரி. நான்கு விமானங்களுக்கு மேல் உள்ள பயணத்தில் மட்டும் எண் அடுத்த எண்ணுக்குத் தொடரும். அப்போது 3 இலக்கங்கள் மாறாமல், கடைசியில் ஒன்று மட்டும் கூடியிருக்கும். போகவர எல்லாம் சேர்ந்தால் உங்கள் பயணத்தில் ஆறு விமானங்கள் வரலாம் என்பதால் இதைச் சொல்கிறேன். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

'இணைப்புக்கு உத்தரவாதம்' என்று கூடுதல் தொகைக்கு ஒன்றை விற்பவர்களும் உண்டு. அது விற்பவர் தரும் வாக்குறுதி. விமான நிறுவனம் தருவதல்ல. நள்ளிரவில் வாயில் அடைபட்ட பிறகு அந்த விற்பனையாளரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் வேறு டிக்கெட் போட்டுத் தரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். வாங்க வேண்டாம்.

தொடக்கத்தில் நான் சொன்ன மூன்றாவது வழியை முகவரிடம் கேட்கும்போது, சக்கர நாற்காலியையும் டிக்கெட்டிலேயே பதியச் சொல்லுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது அது நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். படியேற முடியும், நீண்ட தூரம் நடக்கத்தான் முடியாது என்பது ஒரு வகை. படியும் ஏற முடியாது என்பது வேறு வகை. விமானம் கட்டடத்தை ஒட்டி நிற்காமல் தொலைவில் நின்று, படி வழியாக இறங்கிப் பேருந்தில் போக நேர்ந்தால் இந்த வேறுபாடு முக்கியமாகும். உங்கள் தாயார் எந்த வகை என்பதை முகவர் ஊகிக்கக் கூடாது, நீங்கள் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பதிவில் உள்ள கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதாமா என்று விமான நிறுவனத்தின் தளத்திலேயே திறந்து பாருங்கள். பல முகவர்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு நிறுவனம் அட்டவணையை மாற்றி, உங்கள் 3 மணி நேரத்தை 1 மணி 20 நிமிடமாக்கினால், அந்தச் செய்தி அவருடைய கைப்பேசிக்குத்தான் போகும். உங்களுக்கு வந்தால் உடனே நிறுவனத்தை அழைத்து, வேறு விமானத்துக்கு இலவசமாக மாற்றிக்கொள்ளலாம்.