மருந்தடிக்கிற விமானத்தில எஞ்சின் நிண்டா பைலட்டுக்கு ஏன் தப்ப நேரமே கிடைக்கிறேல்ல?

எங்கயோ விழுந்த வீடியோ பாத்திட்டுத்தான் கேக்கிறியள் எண்டு நினைக்கிறன். நான் பைலட் இல்லை, கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கம் வயலுகளுக்கு ட்ரோனில மருந்தடிக்கிறவன், "உனக்கென்ன தெரியும்" எண்டு வாறவை இதோட திரும்பிப் போகலாம்.

உயரம்தான் விசயம். பயணிகள் விமானம் முப்பதாயிரம் அடியில எஞ்சின் நிண்டாலும் மிதந்து இறங்க இருபது நிமிசமளவு கிடைக்கும். மருந்தடிக்கிறவை பயிருக்கு மேல மூண்டு நாலு மீற்றரில ஓடுறவை, ஏர் டிராக்டர் 802 எண்ட விமானம் மாதிரிப் பெரிசெண்டா வயித்துக்க 3000 லீற்றர் மருந்துத் தண்ணி வேற. எஞ்சின் இழுக்காட்டி உடன கைபிடியை இழுத்து அவ்வளவையும் கீழ கொட்டிப்போட்டு, மூக்கைப் பதிச்சு, முன்னுக்கு என்ன கிடக்கோ அதில நேர இறக்கோணும். ஓடுபாதைக்குத் திரும்புவம் எண்டு வேகமில்லாத நேரம் வளைச்சா செட்டை காத்தை விட்டிடும், பிறகு விழுறதுதான். காரணமும் கனதரம் சின்னன், எரிபொருள் முடிஞ்சிருக்கும், இல்லாட்டி எரிபொருளுக்க தண்ணி.

என்ர கதையும் அதே பாரம்தான். போன பெரும்போகம், நெல்லு குடலை (கதிர் வெளிய வர முதல்), அறக்கொட்டிப் பூச்சி வந்திட்டுது எண்டு நாலு பேர் ஒரே நாளில கூப்பிட்டவை, நானும் மாட்டன் எண்டு சொல்லேல்ல. பற்றறி ஒண்டு பழசு, லேசா வீங்கியும் இருந்தது (ஓம் பிழைதான், புதுசு என்ன விலை எண்டு கேட்டிட்டு வந்து ஏசுங்கோ). ரிமோட்டில 60 வீதம் காட்டுது, டாங்கி நிறைய 30 லீற்றரோட எழும்பி வரம்பு தாண்டேல்ல, பாரத்துக்கு பற்றறி தாங்காம சத்தம் அப்பிடியே இறங்குது. சண்டைக்காலத்தில எங்கட சனத்துக்கு மேல பறந்த வேவு விமானத்தின்ர (வண்டு எண்டுதான் சொல்லுவம்) சத்தம் நிண்டாத்தான் நிம்மதி, அண்டைக்கு எனக்கு அது நிக்க நெஞ்சும் நிண்டுது. விமானக்காரருக்கு இருக்கிற மாதிரிக் கொட்டுறதுக்கு ஒரு கைபிடி என்ர மிசினில இல்லை. பக்கத்துக் காணிக்க பொத்தெண்டு விழுந்து, ரெண்டு காத்தாடி முறிஞ்சு, மருந்து முழுக்க ஒரே இடத்தில ஊத்தி, ஒரு பாய் விரிச்ச அளவுக்கு நெல்லு கருகிப்போச்சு.

காணிக்காரர் அதுக்கு ஒரு மூடை நெல்லு கேட்டார். பாய் அளவுக்கு மூடை! குடுத்தன், சண்டை பிடிக்கேல்ல. ஆனா அவற்ற மாடு சிறுபோகத்தில என்ர வேலியைப் பிரிச்சு உள்ள பூந்து ரெண்டு பாத்தி பயறு திண்டது, அதை ஞாபகப்படுத்தினா "வாயில்லாச் சீவன் தம்பி" எண்டுறார். என்ர ட்ரோனுக்கு மட்டும் வாய் இருக்கோ?