காயில் வாங்கும் முன் ஒரு சோதனை

காரில் பி0302 (P0302) என்ற பழுதுக் கோடு (code) வந்ததும், மலிவான செட் வாங்கி நான்கு இக்னிஷன் காயில்களையும் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருபவை) மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கோடு இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது, காயில்தான் காரணம் என்று அல்ல.

இரண்டாம் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றி, அந்தப் பழுதுக் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று வந்தால் காயில்தான் பழுது. மறுபடியும் பி0302 என்றால் பிளக், இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிப்பது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்று வரிசையாகப் பாருங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், அப்படியே விட்டால் புதுக் காயிலும் கெட்டுவிடும்.

அப்புறம், தேய்ந்த பிளக்கில் பொறி தாவும் இடைவெளி கூடுவதால் காயிலுக்குச் சுமை ஏறும். பிளக் பழசு என்றால் சேர்த்தே மாற்றுங்கள். காயிலைப் பழையதன் பாகம் எண் பார்த்து, டென்சோ, என்ஜிகே, போஷ் போல உங்கள் காருக்கு முதலில் எது வந்ததோ அதையே வாங்குங்கள். பெயரில்லாத மலிவு செட் வேண்டவே வேண்டாம்.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும்.