கீ-யோட சுழிய யாரு போய் சொல்றது?

வணக்கம் சார். நான் பேராக், சுங்கை சிப்புட். அப்பா செம்பனை தோட்டத்துல லோரி ஓட்டறாரு, நான் பொலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம், கம்ப்யூட்டர். கொஞ்ச மாசமா ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு கோட் எழுதி அனுப்பறேன். புதுசா வர்றவங்களுக்குன்னு 'குட் ஃபர்ஸ்ட் பக்'னு சுலபமான பிழைங்கள ஒதுக்கி வெச்சிருப்பாங்க, அதுல ஒன்னு எடுத்தேன், டெவ்டூல்ஸ்ல (பிரவுசருக்குள்ளயே வெப்பக்கத்த பிரிச்சுப் பாக்கற கருவி) சின்ன வேலை. ரிவ்யூல திரும்பத் திரும்ப வந்திச்சு, இங்க ஸ்பேஸ் அதிகம், பேர மாத்து, டெஸ்ட் எழுதுன்னு. ஒருவழியா உள்ள போச்சு. மறுநாளே வெளிய தூக்கிட்டாங்க, விண்டோஸ்ல டெஸ்ட் ஃபெயிலாம். அவமானமா இருந்திச்சு. என் இங்கிலீஷும் சுமாருதான். அப்பா வேற "ஓசியில யாருக்கும்மா வேலை செய்யறே"ங்கறாரு. விட்டுட்டு இன்டர்ன்ஷிப்புக்கு தயார் பண்ணவா, தொடரவா? தைரியம் வர்ற மாதிரி ஒரு புக்கும் சொல்லுங்க.
பி.கு.: எங்க தமிழ்ப்பள்ளி வெப்சைட்ல தலைப்புல 'கீ', 'மீ' வந்தா மேல இருக்கற சுழி பாதி வெட்டுப்பட்டுத் தெரியுது சார். பாத்து பாத்து பழகிப்போச்சு, ஹாஹா.
(பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க)

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் வந்த அன்னிக்கே பதில் எழுத உக்காந்துட்டேன், ஏன்னா கொஞ்ச நாளா மனசுல ஓடிக்கிட்டு இருந்த விஷயத்துல வந்து நீ கைய வெச்சிட்டே. எதுலன்னு உனக்கே தெரியாது, அத கடைசியில வெச்சு ஹாஹான்னு சிரிச்சிட்டுப் போயிருக்கே.

மொதல்ல சின்னச் சின்னத முடிச்சுக்குவோம். வெளிய தூக்கினது அவமானம் இல்லமா. ஃபயர்பாக்ஸுக்கு முன்னோடியான நெட்ஸ்கேப் 1998 மார்ச் 31ல பிரவுசர் கோட எல்லாருக்கும் திறந்து விட்டதுலேருந்து இதே பொழப்புதான், அங்க சம்பளம் வாங்கற ஆளுங்க கோடே வாராவாரம் வெளிய வரும், ஷெரிஃப்னு சிலர் இருக்காங்க, டெஸ்ட் ஃபெயிலாகி செவப்பாச்சுன்னா யார் எவர்னு பாக்காம தூக்கிடுவாங்க, சரி பண்ணி மறுபடி உள்ள விடலாம், அவ்வளவுதான். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டுன்னு எல்லாத்துலயும் ஓட்டிப் பாக்க ட்ரை சர்வர்னு ஒன்னு இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு கோட அதுல ஏத்தற அனுமதி கிடையாது, ரிவ்யூவர்தான் ஏத்திக் கொடுக்கணும், கேட்டா செய்வாங்க, நீ கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. நம்ம புள்ளைங்க கேக்காதுங்க.

அப்பா கேக்கறது நியாயமான கேள்வி, தோட்டத்துல வேலை பாத்த மனுஷன் கூலிய கேக்காம எத கேப்பாரு. காசு வேணும்னா கூகுள் சம்மர் ஆஃப் கோட்னு இந்த மாதிரி வேலைக்கு காசு கொடுக்கற திட்டம் 2005லேருந்து நடக்குது, அதுக்கு விண்ணப்பம் போடு. இங்கிலீஷ பத்தி எனக்கு அக்கறையே இல்ல, அங்க எழுதறவங்கள்ல நெறைய பேருக்கு அது வீட்டுல பேசற மொழி கிடையாது.

இப்ப அந்த கீ-க்கு வருவோம்.

எனக்கு இதுலதான் கோவம். பிரவுசருக்கே கோட் எழுதறே, ஃபயர்பாக்ஸ் பிழைங்கள பதியற பக்சில்லா சைட்டுல கணக்கு வெச்சிருக்கே, உங்க பள்ளிக்கூடத்து தலைப்புல கீ-யோட சுழி வெட்டுப்பட்டுக் கிடக்குது, அத யாருகிட்டயும் சொல்லல, "பழகிப்போச்சு"ங்கறே! எவனோ சொன்ன டெவ்டூல்ஸ் பக்குக்கு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கே, உன் கண்ணு முன்னால இருக்கறது உனக்கு பக்காவே தெரியல.

இது உன் ஒருத்தியோட வியாதி இல்ல. 2006, 2007ல ஃபயர்பாக்ஸ் 2 இருந்தப்ப தமிழ்ல வலைப்பதிவு எழுதின யார வேணா கேட்டுப் பாரு. பத்திய ரெண்டு பக்கமும் நேரா வர்ற மாதிரி ஜஸ்டிஃபை பண்ணா எழுத்தெல்லாம் ஒடஞ்சு போகும், கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம், சோத்துல கல்லு மாதிரி. அப்ப நம்ம ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? "தயவுசெஞ்சு ஜஸ்டிஃபை பண்ணாதீங்க, ஃபயர்பாக்ஸ்ல படிக்க முடியல"ன்னு ஒருத்தர் பதிவுல இன்னொருத்தர் பின்னூட்டம் போட்டுக்கிட்டாங்க. நூத்துக்கணக்குல. நான் பாத்த வரைக்கும் ஒரு பின்னூட்டத்துல கூட "நான் போய் பக் போட்டிருக்கேன், இதான் நம்பர்"னு யாரும் எழுதல. 2008 ஜூன்ல ஃபயர்பாக்ஸ் 3 வந்தப்பதான் சரியாச்சு, யாரோ எங்கயோ சரியா எழுதிச் சொன்னதாலயும், யாரோ உக்காந்து வேலை பாத்ததாலயும்தான் சரியாச்சு, தானா ஆவறதுக்கு அது என்ன சளியா காய்ச்சலா.

எங்க மாமா ஒருத்தர் தோட்டத்துல சங்கத்துக்குக் கிளை செயலாளரா இருந்தாரு. 1954ல ஆரம்பிச்ச தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம்தான். ரப்பர் வெட்டுக்குப் போயிட்டு பால ஸ்டோர்ல நிறுத்திட்டு வந்து, கையில கித்தா வாடை அடிக்கும் அப்படியே, என்னக் கூப்ட்டு உக்கார வெச்சு மனு எழுதச் சொல்வாரு, அவருக்கு மலாய் எழுத வராது. மொத தடவ நான் "லயத்துல தண்ணி சரியா வரல, தயவுசெய்து கவனிக்கவும்"னு எழுதிக் கொடுத்தேன். படிச்சுக் காட்டச் சொல்லி கேட்டாரு, தாள வாங்கி ரெண்டா கிழிச்சாரு. எந்த லயம்? எந்தக் குழாய்? என்னிலேருந்து? காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு முன்னால வரலயா, சாயங்காலமா? எத்தன குடும்பம் அந்தக் குழாய நம்பி இருக்கு? போயி பாத்துட்டு வாடான்னு வெரட்டிவிட்டாரு. போனேன், ஒரு வீட்டு அக்கா குழாய தொறந்து காட்டுனாங்க, காத்து மட்டும் புஸ்சுனு வந்துச்சு, கீழ வாளியில நேத்து தண்ணி. அதையும் எழுதச் சொன்னாரு. தோட்டத்து கிளார்க், அதான் கிராணி, அந்த மனுவ வெச்சுக்கிட்டு சமாளிக்க முடியாது, நேரா நாலாவது லயத்துக்குப் போயி அந்தக் குழாய தொறந்து பாத்தே ஆகணும், காத்து வரும். மாமாவுக்கு வேண்டியது அதுதான். "தண்ணி சரியா வரல"ன்னு எழுதினா "பாக்கறோம்"னு சொல்லி அனுப்பிடுவாங்க.

பக்சில்லாவுல புது பக் போடற பக்கத்துல மூனு பெட்டி இருக்கும் இல்ல, எப்படி செஞ்சா வருது, என்ன ஆச்சு, என்ன ஆகியிருக்கணும். அந்தப் பக்கத்த மொத தடவ பாத்தப்ப எனக்கு சிரிப்பு வந்திருச்சு, மாமா கேட்டதுதான் அப்படியே.

சரி, உன் கீ-ய எடுத்துக்க. குத்தவாளி மூனு பேர்ல ஒருத்தன். பள்ளிக்கூட சைட்ட செஞ்சவரு இங்கிலீஷ் எழுத்துக்கு அளவெடுத்து, பக்கத்தோட தோற்றத்த எழுதற சிஎஸ்எஸ்ல வரி உயரத்த ஒட்ட வெச்சு, மிஞ்சறத மறைன்னு ஓவர்ஃப்ளோ ஹிடனும் போட்டிருப்பாரு, இங்கிலீஷுக்கு மேல சுழி ஏது. இல்லன்னா ஃபான்டு, அதுல உயரக் கணக்கு தப்பா இருக்கும். அதுவும் இல்லன்னாதான் பிரவுசர். டெவ்டூல்ஸ்ல ஃபான்ட்ஸ்னு ஒரு பேனல் இருக்கு, அந்தத் தலைப்புக்கு நெஜமா எந்த ஃபான்டு வருதுன்னு காட்டும், உனக்குத் தெரியாதா என்ன. 'கீ' மட்டும் வெச்சு பத்து வரியில ஒரு எச்டிஎம்எல் ஃபைல் எழுது, ஃபயர்பாக்ஸ்லயும் குரோம்லயும் தொற. ரெண்டுலயும் வெட்டுப்பட்டா சிஎஸ்எஸ்ஸ மாத்திப் பாரு, ஃபான்ட மாத்திப் பாரு. சைட்தான்னு தெரிஞ்சா சைட்ட செஞ்சவருக்கு எழுது, பெரும்பாலும் அதாத்தான் இருக்கும். ஃபான்டுன்னா ஃபான்டு செஞ்சவங்களுக்கு எழுது, கூச்சப்படாத, மேக் கம்ப்யூட்டர்ல வர்ற இணைமதி ஃபான்ட செஞ்சவரு நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன்தான், இதெல்லாம் வானத்துலேருந்து வர்றது இல்ல. ஃபயர்பாக்ஸ்ல மட்டும் வெட்டுப்பட்டுச்சுன்னா பக்சில்லாவுல போடு. அங்க நம்பர் 19 லட்சத்த தாண்டியாச்சு, உன்னோடதும் ஒன்னு இருந்துட்டுப் போகுது. "தமிழ் சரியா தெரியல"ன்னு மட்டும் எழுதின, மாமா வந்து கிழிப்பாரு.

தொடரவா விடவான்னு கேட்டிருந்தே இல்ல. அந்த விண்டோஸ் டெஸ்ட்ட சரி பண்ணி மறுபடி அனுப்பு, இன்டர்ன்ஷிப்புக்கும் படி, ரெண்டும் செய்யற வயசுதானே லா. புக்க பத்தி இன்னொரு நாள் பேசுவோம்.

எதுல பக் போட்டாலும் லிங்க எனக்கு அனுப்பு. ஸ்க்ரீன்ஷாட் ஒழுங்கா எடுத்துப் போடு, லேப்டாப் திரைய போன்ல படம் புடிச்சு, அதுல ஃபேன் லைட்டும் தெரியற மாதிரி அனுப்பறாங்க பாரு நம்ம ஊர்ல, அத மட்டும் செஞ்சிராத.